பள்ளிக்கூடத்துக்கு உயிருள்ள பாம்பு வரலாமா? தெரபி நாய் வரலாமா? கல்வராயன் மலைப் பெற்றோரும் ஆசிரியர்களும் தெரிஞ்சுக்க வேண்டியவை

பள்ளிக்கூட மைதானம். பிள்ளைகள் வட்டமா உட்கார்ந்திருக்காங்க. நடுவில் நிற்பவர் துணிப்பையை அவிழ்த்து, உள்ளேயிருந்து ஒரு பாம்பை வெளியே எடுக்கிறார். "பயப்படாதீங்க, ஒண்ணும் பண்ணாது, தொட்டுப் பாருங்க" என்கிறார். கைதட்டல், செல்போன் வீடியோ, சாயங்காலமே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்.

இப்படி ஒரு நிகழ்ச்சியை நேரிலோ வீடியோவிலோ நம்மில் பலரும் பார்த்திருப்போம். நடத்துபவரின் நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் இது சட்டப்படி சரியா? பிள்ளைகளுக்குப் பாதுகாப்பா? அந்தப் பாம்புக்கு என்ன ஆகுது?

இன்னொரு பக்கம், நாயை வைத்து மாற்றுத்திறனாளி குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் மனசுக்கு ஆறுதல் தருகிற 'தெரபி நாய்' முறையும் இப்போ நம்ம ஊரில் பேசப்படுது. அது எந்த அளவுக்கு உண்மை?

இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு விதியை மனசில் வைத்துக்கொண்டால் போதும். வளர்ப்பு விலங்கு நம்மிடம் வரலாம். காட்டு விலங்கை நாம்தான் போய்ப் பார்க்கணும், அதுவும் தள்ளி நின்று. ஏன் என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

கல்வராயன் மலைக்கு இது ஏன் முக்கியம்?

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து, 2019 நவம்பர் 26-ம் தேதி தமிழ்நாட்டின் 34-வது மாவட்டமாக கள்ளக்குறிச்சி உருவானது. அதன் மேற்கு எல்லையில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக கல்வராயன் மலை நிற்கிறது. வெள்ளிமலை, கரியாலூர் எனச் சிதறிக் கிடக்கும் ஊர்களில் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் பிள்ளைகள் தங்கிப் படிக்கிறார்கள்.

இங்கே வன விலங்கு என்பது புத்தகப் பாடம் மட்டும் இல்ல. தோட்டத்துக்குக் காட்டுப்பன்றி வரும். கூரை மேல் குரங்கு வரும். விறகு அடுக்கில் பாம்பு இருக்கும். அதனால் வன உயிரினக் கல்வி நகரத்துப் பிள்ளையை விட மலைப் பிள்ளைக்குத்தான் அதிகம் தேவை. அது உயிர் காக்கிற விஷயம்.

இந்தியாவில் பாம்புக்கடி எவ்வளவு பெரிய பிரச்சனை என்பதை 2020-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 2000 முதல் 2019 வரை, ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கிறார்கள் என்பது அதன் மதிப்பீடு. இதில் கால் பங்குக்கும் மேல் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். பெரும்பாலும் கிராமங்களில்தான், அதுவும் மழைக்காலத்தில்தான் அதிகம். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய பாதிப்புகளின் பட்டியலில் சேர்த்தது.

ஆக, 'பாம்பைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரணும்' என்று ஒரு தலைமை ஆசிரியர் நினைத்தால் அது ரொம்ப நியாயமான யோசனை. அதை எப்படிச் சொல்லித் தருவது என்பதில்தான் சிக்கல்.

கோழிக்கோட்டில் என்ன நடந்தது?

2022 நவம்பரில் கேரளாவின் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் பாம்புக்கடி பற்றி ஒரு விழிப்புணர்வு வகுப்பு நடந்தது. பேச வந்தவர் கேரளாவில் எல்லோருக்கும் தெரிந்த பிரபல பாம்பு பிடி வீரர். அவர் உயிருள்ள பாம்புகளை மேடைக்குக் கொண்டுவந்து காட்டினார். வீடியோ பரவியது. கேரள வனத்துறை வன உயிரின பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அவர் மீது வழக்குப் பதிவு செய்தது.

கவனிக்க வேண்டியது இதுதான். அது தெருவோர வித்தை இல்ல. மருத்துவக் கல்லூரி வளாகம், மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கான வகுப்பு, நோக்கமும் விழிப்புணர்வு. அப்படியும் வழக்கு வந்தது.

அதே ஆண்டு ஜனவரி கடைசியில், கோட்டயம் பக்கத்தில் பிடித்த நல்ல பாம்பைப் பைக்குள் விடும்போது அதே வீரரை அது கடித்தது. உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போய், மருத்துவர்களின் சிகிச்சையால் மீண்டு வந்தார். 2025 மார்ச்சில் கோவையில், நீண்ட அனுபவம் உள்ள ஒரு பாம்பு பிடி வீரர் நல்ல பாம்பு கடித்து இறந்தே போனார்.

பல ஆண்டுகள் பாம்போடு பழகியவர்களுக்கே இந்த நிலைமை என்றால், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கைநீட்டித் தொடுவதை யோசித்துப் பாருங்க.

சட்டம் என்ன சொல்லுது?

அடிப்படைச் சட்டம், 1972-ம் ஆண்டின் வன உயிரின பாதுகாப்புச் சட்டம். 2022-ல் இதில் பெரிய திருத்தம் வந்தது. அது 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கு. எளிமையா சொன்னா:

* பிடிப்பதும் வேட்டைதான். கொன்றால்தான் வேட்டை என்று பலர் நினைக்கிறார்கள். சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குள் பிடிப்பது, கண்ணி வைப்பது, வலை போடுவது, இரை காட்டி இழுப்பது எல்லாமே அடங்கும்.

* அட்டவணை 1 என்பது உச்சபட்ச பாதுகாப்பு. நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சாரை, மலைப்பாம்பு, உடும்பு, மயில், நட்சத்திர ஆமை, தேவாங்கு எல்லாம் இதில் வரும். விஷமே இல்லாத சாரையும் இந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனிங்க. 'விஷமில்லாத பாம்புதானே' என்ற சமாதானம் எடுபடாது.

* தண்டனை: அட்டவணை 1 விலங்கு தொடர்பான குற்றத்துக்கு 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம்.

* குற்றத்துக்குத் துணைபோவதும் குற்றம்தான். அதனால் பாம்பைக் கொண்டுவந்தவரோடு, அவரை அழைத்து நிகழ்ச்சி ஏற்பாடு செய்தவருக்கும் சிக்கல் வரலாம்.

'கல்விக்காகத்தானே' என்று கேட்டால்?

நல்ல கேள்வி. சட்டத்தின் 12-வது பிரிவில் கல்வி, அறிவியல் ஆராய்ச்சி, உயிர் காக்கும் மருந்துக்காகப் பாம்பு விஷம் எடுப்பது போன்ற காரணங்களுக்கு அனுமதி தர வழி இருக்கு. ஆனால் அந்த அனுமதியை மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்துபூர்வமாகத் தரணும். அட்டவணை 1 விலங்கு என்றால் மத்திய அரசின் முன் ஒப்புதலும் வேணும். 'ரேஞ்சர் எனக்குத் தெரிஞ்சவர், போன்ல சொல்லிட்டேன்' என்பது அனுமதி ஆகாது.

இன்னொரு விஷயம். விலங்குகளை அடைத்து வைத்துப் பொதுமக்களுக்குக் காட்டுகிற எந்த இடமும், ஓர் இடத்தில் நின்றாலும் சரி, ஊர் ஊராக நகர்ந்தாலும் சரி, சட்டத்தின் பார்வையில் உயிரியல் பூங்காதான். மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாமல் நடத்த முடியாது. வேனில் கூண்டு கட்டி வந்து 'நடமாடும் விலங்குக் காட்சி' என்று யாராவது சொன்னால், முதல் வேலையா அங்கீகாரக் கடிதத்தைக் கேளுங்க.

இது 2022-ல் திடீரென்று வந்த கெடுபிடியும் இல்ல. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வித்தை காட்டப் பயன்படுத்த 1998-லேயே மத்திய அரசு தடை விதித்தது. ஒரு காலத்தில் திருவிழா தவறாமல் வந்த குரங்காட்டியும் கரடி வித்தைக்காரரும் இப்போ ஏன் காணோம் என்பதற்கு அதுதான் காரணம்.

'பல்லு புடுங்கின பாம்புங்க, ஒண்ணும் ஆகாது' - நம்பலாமா?

நம்பக் கூடாது. இரண்டு காரணம்.

ஒண்ணு, பாம்பின் விஷப்பல் விழுந்தால் திரும்ப முளைக்கும். பின்னாலேயே அடுத்த பல் வரிசையில் காத்துக்கொண்டிருக்கும். போன மாதம் பல் பிடுங்கிய பாம்பு இந்த மாதம் கடித்தால் விஷம் இறங்கும்.

ரெண்டாவது, பாம்பு அனுபவிக்கும் கொடுமை. பல்லைப் பிடுங்கினால் வாயில் புண்ணாகி சீழ் பிடிக்கும். வாயைத் தைத்து வைக்கிற பழக்கமும் இருந்திருக்கு. அப்படிப்பட்ட பாம்பால் இரை பிடிக்கவோ விழுங்கவோ முடியாது. வெளியே சாதுவாகத் தெரிவது, உள்ளே பட்டினியாகவும் நோயாகவும் இருக்கலாம்.

மகுடிக்கு ஆடுகிறது என்பதும் தப்பு. பாம்புக்கு வெளிக்காது கிடையாது. கண் முன்னால் அசைகிற மகுடியை அச்சுறுத்தலாக நினைத்து, அதைப் பின்தொடர்ந்து படம் எடுத்து அசையுது. பால் குடிப்பதும் அப்படித்தான். தாகத்தில் தவிக்கும் பாம்பு எது வைத்தாலும் உறிஞ்சும். பால் அதன் உணவே இல்ல.

இதில் கல்விக்கும் ஒரு நஷ்டம் இருக்கு. மேடையில் பாம்பைத் தொட்ட பிள்ளை மனசில் பதிவது 'பாம்பைத் தொடலாம்' என்பதுதான். அடுத்த வாரம் ஓடைக்கரையில் ஒரு பாம்பைப் பார்த்தால் அந்தப் பிள்ளை விலகிப் போகுமா, கையை நீட்டுமா? பயத்தைப் போக்கப் போய், தேவையான எச்சரிக்கையையும் சேர்த்துப் போக்கிவிடுகிறோம்.

அப்போ உயிருள்ள பாம்பை எங்கே பார்க்கலாம்?

சட்டப்படி, பாதுகாப்பாகப் பார்க்கத் தமிழ்நாட்டிலேயே நல்ல இடங்கள் இருக்கு.

முதலில் சொல்ல வேண்டியது, மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவு சங்கம். இதன் பின்னால் ஒரு வரலாறு இருக்கு. ஒரு காலத்தில் இருளர் மக்கள் பாம்புத் தோல் வியாபாரத்துக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்து வந்தார்கள். 1972 சட்டமும் அதைத் தொடர்ந்த ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை நிறுத்தின. கையில் தலைமுறை தலைமுறையாக வந்த அறிவு இருக்கு, ஆனால் வேலை இல்லை. அப்போது ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு 1978-ல் இந்தச் சங்கம் உருவானது. பாம்பைக் கொல்லாமல், வனத்துறை அனுமதியோடு பிடித்து, சில வாரங்கள் வைத்திருந்து, விஷம் எடுத்து, அடையாளம் போட்டுத் திரும்ப விட்டுவிடுகிறார்கள்.

அந்த விஷம்தான் நாட்டில் தயாராகும் பாம்புக்கடி மருந்தின் பெரும் பகுதிக்கு மூலப்பொருள். கல்வராயன் மலையில் ஒருவருக்கு ஆஸ்பத்திரியில் ஏற்றப்படும் மருந்தின் தொடக்கம், வடநெம்மேலியில் ஓர் இருளரின் கையாக இருக்கலாம். 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இங்கே விஷம் எடுப்பதைப் பார்வையாளர்கள் தள்ளி நின்று பார்க்கலாம். கையில் கொடுக்க மாட்டார்கள். 'கல்விக்காக உயிருள்ள விலங்கு' என்பதற்குச் சரியான உதாரணம் இதுதான். எழுத்துபூர்வ அனுமதி இருக்கு, அதைவிடப் பெரிய நோக்கம் இருக்கு, பாம்பு காட்டுக்குத் திரும்பிப் போகுது.

மற்ற இடங்கள்:

* வடநெம்மேலி முதலைப் பண்ணை: 1976-ல் தொடங்கியது.
* கிண்டி பாம்புப் பண்ணை, சென்னை: கண்ணாடிக்குப் பின்னால் பாம்புகளை நிதானமாகப் பார்க்கலாம்.
* வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா.
* சேலம் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா: ஏற்காடு அடிவாரத்தில் இருக்கு. கள்ளக்குறிச்சிப் பள்ளிகள் காலையில் கிளம்பிச் சாயங்காலம் திரும்பிவிடலாம்.

தெரபி நாய்: இது என்ன புதுசா?

அவ்வளவு புதுசு இல்ல. அமெரிக்காவில் போரிஸ் லெவின்சன் என்ற குழந்தைகள் மனநல நிபுணர் இருந்தார். அவரது நாயின் பெயர் ஜிங்கிள்ஸ். ஒரு நாள் அறையில் நாய் இருந்த நேரத்தில், யாரோடும் ஒட்டாத ஒரு குழந்தை சிகிச்சைக்கு வந்தது. டாக்டரிடம் பேசாத குழந்தை நாயோடு பழக ஆரம்பித்தது. இந்த அனுபவத்தை வைத்து லெவின்சன் 1962-ல் கட்டுரை எழுதினார். விலங்கு உதவியோடு சிகிச்சை என்ற துறைக்கு அது ஒரு தொடக்கப்புள்ளி.

ஆசியாவில் 1991-ல் ஹாங்காங்கில் 'டாக்டர் டாக்' என்ற திட்டம் தொடங்கியது. தேர்ந்தெடுத்த நாய்கள் மருத்துவமனை, முதியோர் இல்லம், சிறப்புப் பள்ளிகளுக்குப் போய் வரும். பின்னர் இது சென்னைக்கும் வந்தது. புளூ கிராஸ் அமைப்போடு சேர்ந்து நடத்தப்பட்டது.

பலன் உண்டா? நாயோடு நேரம் செலவழிப்பது பதற்றத்தைக் குறைக்குது, தனிமையில் இருக்கும் முதியவர்களைப் பேச வைக்குது, ஆட்டிசம் உள்ள சில குழந்தைகள் மற்றவர்களோடு பழக உதவுது என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் பல ஆய்வுகள் சிறிய அளவில் நடந்தவை. அதனால் இதை மருந்துக்கோ பேச்சுப் பயிற்சிக்கோ மாற்றாக நினைக்கக் கூடாது. கூடவே நிற்கும் ஒரு துணை, அவ்வளவுதான். 'எங்க நாய் வந்தா ஆட்டிசம் குணமாயிடும்' என்று யாராவது காசு கேட்டால், அந்தப் பக்கமே போகாதீங்க.

எந்த விலங்கு தெரபிக்கு ஆகும்?

இந்த இடத்தில் உலக அளவில் ஒரு தெளிவான கோடு போட்டிருக்கிறார்கள். மனித-விலங்கு உறவை ஆராயும் அமைப்புகளின் சர்வதேசக் கூட்டமைப்பு 2014-ல் வெளியிட்டு, 2018-ல் திருத்திய வழிகாட்டியின்படி, இதற்கு வளர்ப்பு விலங்குகளை மட்டுமே பயன்படுத்தணும். நாய், பூனை, குதிரை, ஆடு, மாடு போன்றவை சரி. யானை, குரங்கு, டால்பின், பாம்பு, பல்லி வகைகள் ஆகாது. நன்றாகப் பழகியிருந்தாலும் ஆகாது.

காரணம் எளிமையானது. நாய் பல ஆயிரம் ஆண்டுகளாக மனிதனோடு வாழ்ந்து, மனிதத் தொடுதலை ஏற்றுக்கொள்கிற குணத்தோடு பிறக்குது. பழகிய குரங்கு அப்படி இல்ல. அது ஒரு தனி விலங்கு பயத்தை அடக்கிக்கொண்டிருப்பது மட்டும்தான். அந்த அடக்கம் எப்போ உடையும் என்று யாருக்கும் தெரியாது.

இந்தியாவில் டால்பின் காட்சிகளுக்கு 2013-லேயே மத்திய அரசு அனுமதி மறுத்துவிட்டது.

கல்வராயன் மலையில் இன்னொரு வசதியும் இருக்கு. இங்கே பல வீடுகளில் ஆடு, மாடு, கோழி உண்டு. மாற்றுத்திறனாளி பிள்ளை ஆட்டுக்குட்டிக்குத் தழை கொடுப்பதும், கோழிக்குத் தீனி போடுவதும் அதற்குப் பொறுப்பும் நிதானமும் கற்றுத் தரும். அதற்கு நகரத்திலிருந்து யாரும் வர வேண்டியதில்ல. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும்.

நாய் வருதுன்னா என்னவெல்லாம் கேட்கணும்?

உங்க பள்ளிக்கோ சிறப்பு மையத்துக்கோ தெரபி நாய் கொண்டுவருகிறோம் என்று யாராவது சொன்னால், கீழே உள்ளதைச் சரிபாருங்க:

* ரேபிஸ் தடுப்பூசி சான்றிதழ், குடற்புழு மருந்து கொடுத்த விவரம். வாயால் சொன்னால் போதாது, கால்நடை மருத்துவர் கையெழுத்து போட்ட அட்டை வேணும்.
* நாய் குட்டியா இருக்கக் கூடாது. வளர்ந்த, குணம் பரிசோதிக்கப்பட்ட நாயாக இருக்கணும்.
* நாயைக் கொண்டுவருபவர் முழு நேரமும் கயிறைப் பிடித்தபடி கூடவே இருக்கணும்.
* ஒவ்வொரு பெற்றோரிடமும் எழுத்துபூர்வ சம்மதம். ஒவ்வாமை, ஆஸ்துமா, நாய் பயம் இருக்கும் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தாதீங்க.
* ஒரு நேரத்தில் சில பிள்ளைகள் மட்டும். நூறு பேர் சுற்றி நின்று கத்துவது தெரபி ஆகாது.
* முன்னும் பின்னும் சோப்பு போட்டுக் கை கழுவணும். சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம்.

நாய்க்கும் ஓய்வு வேணும். அது அடிக்கடி கொட்டாவி விட்டால், உதட்டை நக்கிக்கொண்டே இருந்தால், முகத்தைத் திருப்பினால், வாலைக் காலுக்கு நடுவே இறக்கினால், 'போதும்' என்று சொல்லுது. உடனே வெளியே கூட்டிட்டுப் போகணும். உறுமலுக்கு முன்னால் வரும் எச்சரிக்கைகள் இவை. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால், தெருநாயிடமிருந்து தப்பிக்கவும் உதவும்.

தெருவில் திரியும் நாயைக் குளிப்பாட்டி 'தெரபி நாய்' ஆக்குகிற வேலை மட்டும் வேண்டாம். கடியோ கீறலோ பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசி போடணும். ரேபிஸ் வந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். குரங்கு கடித்தாலும் இதேதான்.

கிளி, ஆமை, இக்வானா?

பலர் தடுமாறும் இடம் இது.

பச்சைக்கிளி: வீட்டுக் கூண்டில் எத்தனை தலைமுறை வளர்த்தாலும் நம்ம ஊர்ப் பச்சைக்கிளி வன உயிரினம்தான். 2024 மக்களவைத் தேர்தல் நேரத்தில் கடலூர் பக்கம் கிளி ஜோசியம் பார்த்தவரை வனத்துறை பிடித்து, கிளிகளைப் பறிமுதல் செய்தது நினைவிருக்கலாம். வகுப்பறைக்குக் கிளிக்கூண்டு வேண்டாம்.

நட்சத்திர ஆமை: அட்டவணை 1. 'அதிர்ஷ்டம்' என்று வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். நம்ம ஊர் ஆமை இல்லாவிட்டாலும் சின்னப் பிள்ளைகளுக்கு ஆமை ஆபத்துதான். ஆமை மூலம் பரவும் சால்மோனெல்லா கிருமியால் குழந்தைகள் பாதிக்கப்பட்டதால், 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்க அமெரிக்காவில் 1975-லேயே தடை வந்தது.

இக்வானா, பால் பைத்தான், மக்காவ் போன்ற வெளிநாட்டு விலங்குகள்: சட்டத்தின் அட்டவணை 4-ல் வருபவற்றை வைத்திருப்பவர்கள் 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்கணும். பள்ளிக்குக் கொண்டுவருகிறேன் என்பவரிடம் பதிவுச் சான்றிதழைக் கேளுங்க. சான்றிதழ் இருந்தாலும், ஒவ்வொரு பிள்ளையும் கையில் வாங்கிப் பார்ப்பது அந்த விலங்குக்கும் நல்லதில்ல, பிள்ளைக்கும் நல்லதில்ல.

மலைச்சாலைக் குரங்கு: சுற்றுலா வருபவர்கள் பிஸ்கட் கொடுத்து 'பிள்ளைங்க பார்க்கட்டும்' என்கிறார்கள். அந்தப் பழக்கம்தான் நாளைக்கு உள்ளூர்ப் பிள்ளையின் கையிலிருந்து தின்பண்டத்தைப் பிடுங்க வைக்குது. நீங்க ஊருக்குத் திரும்பிடுவீங்க, குரங்கும் அந்தப் பிள்ளையும் இங்கேயே இருப்பாங்க.

பாம்பு இல்லாமலே பாம்புப் பாடம்: ஒரு வகுப்பு போதும்

அக்டோபர் 2 முதல் 8 வரை வன உயிரின வார விழா. பள்ளிகள் அப்போது இதைச் செய்யலாம்.

1. படம் காட்டுங்க. ஆபத்தான நாலு பாம்புகளைப் பெரிய படமாகப் போடுங்க. நல்ல பாம்பு படம் எடுக்கும். கட்டு விரியன் கருப்பு உடம்பில் மெல்லிய வெள்ளைப் பட்டைகளோடு, ராத்திரியில் நடமாடும். கண்ணாடி விரியன் தடியா, உடம்பில் சங்கிலி போன்ற வட்டங்களோடு, குக்கர் விசில் மாதிரி சீறும். சுருட்டை விரியன் சின்னது, செதில்களை உரசி ரம்பம் அறுப்பது போலச் சத்தம் எழுப்பும்.

2. குழப்பத்தையும் சொல்லுங்க. ஓநாய்ப் பாம்பைப் பார்த்துக் கட்டு விரியன் என்று நினைப்பவர்கள் உண்டு. மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கண்ணாடி விரியனைத் தொட்டவர்களும் உண்டு. பிள்ளைக்குப் பாடம் இதுதான்: எந்தப் பாம்பு என்று கண்டுபிடிப்பது உன் வேலை இல்ல, விலகி வந்து பெரியவரிடம் சொல்வதுதான் உன் வேலை.

3. தாத்தா பாட்டியைக் கூப்பிடுங்க. கால்தடம் பார்த்து என்ன விலங்கு, எப்போ போனது என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் மலை ஊர்களில் இன்னும் இருக்காங்க. வனக்காவலர் ஒருவரோடு சேர்த்து ஒரு மணி நேரம் நடந்தால், அது எந்தக் கூண்டும் தராத பாடம். பாம்புச் சட்டையோ கொம்போ கிடந்தால் படம் எடுங்க, எடுத்து வர வேண்டாம்.

4. வீட்டுப்பாடம் கொடுங்க. விறகு அடுக்கு சுவரை ஒட்டி இருக்கா? எலி வளை இருக்கா? தரையில் படுக்கிறோமா? ராத்திரி வெளியே போக டார்ச் இருக்கா? பிள்ளையே எழுதி வரட்டும். கட்டு விரியன் கடி பெரும்பாலும் தரையில் தூங்கும்போதுதான் நடக்குது. கட்டிலில் படுப்பதும், கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகுவதும் உயிர் காக்கும்.

கடிச்சுட்டா? பிள்ளைகளை நடிச்சுக் காட்டச் சொல்லுங்க

* கடிபட்டவரை நடக்க விடாதீங்க. கடிபட்ட கை, காலை ஸ்கேல் அல்லது குச்சி வைத்து அசையாமல் துண்டால் தளர்வாகக் கட்டுங்க.
* மோதிரம், கொலுசு, வளையலைக் கழற்றுங்க. வீங்கும்.
* இறுக்கிக் கட்டாதீங்க. கீறாதீங்க. வாயால் உறிஞ்சாதீங்க. மந்திரம், பச்சிலை என்று நேரத்தை வீணாக்காதீங்க.
* 108-க்கு அழையுங்க. மலையில் சிக்னல் கிடைக்கும் இடம் எது என்று முன்கூட்டியே தெரிஞ்சு வச்சுக்கோங்க. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாம்புக்கடி மருந்து இருக்கா என்பதையும் இன்றைக்கே கேட்டு வைங்க.
* பாம்பைத் துரத்தவோ, அடித்துக் கொண்டுவரவோ வேண்டாம். மருத்துவர் அறிகுறிகளை வைத்தே சிகிச்சை செய்வார்.
* கட்டு விரியன் கடித்தால் வலியோ அடையாளமோ தெரியாமல் போகலாம். விடிகாலையில் வயிற்று வலி, கண் இமை சொருகுவது, பேச்சு குழறுவது இருந்தால் உடனே ஆஸ்பத்திரி.

வீட்டுக்குள் பாம்பு வந்தால் நீங்களே பிடிக்காதீங்க. வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ சொல்லுங்க. கேரளாவில் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கியவர்களை மட்டும் பாம்பு மீட்புக்கு அனுப்ப 'சர்ப்பா' என்ற செயலியை வனத்துறையே நடத்துது.

சுருக்கமா சொன்னா

பள்ளிக்குப் பாம்பு, கிளி, குரங்கு, நட்சத்திர ஆமை கொண்டுவரலாமா? கூடாது. எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் கொண்டுவந்தால் சிறை வரை போகும்.

தெரபி நாய் வரலாமா? வரலாம். தடுப்பூசி அட்டை, பயிற்சி, பெற்றோர் சம்மதம் மூன்றும் இருந்தால்.

அடுத்த முறை பையோடு ஒருவர் உங்க பள்ளி வாசலில் நின்று 'பிள்ளைகளுக்கு விழிப்புணர்வு' என்று சொன்னால், தலைமை ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "அனுமதிக் கடிதம் எங்கே?" கடிதம் இல்லையா? வனச்சரக அலுவலகத்துக்கு ஒரு போன் பண்ணுங்க. அன்றைக்குப் பிள்ளைகளுக்குக் கைதட்ட ஒரு காட்சி கிடைக்காமல் போகலாம். ஸ்கேலும் துண்டும் வைத்து முதலுதவி பழகிய பிள்ளை, ஒரு மழைக்கால ராத்திரியில் தன் வீட்டில் ஓர் உயிரைக் காப்பாற்றும்.